இசைத்தட்டு உறையில் இல்லாதவன்

பேக்கர்ஸ்ஃபீல்டு,
அக்டோபர் 1976

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோஸ்கோ எழுதுகிறேன். சௌக்கியமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஒக்லஹோமாவில் குளிர் வந்துவிட்டதா?

நம் ஊர்க் கண்ட்ரி பாட்டையும் ராக் இசையையும் கலந்து, நான் வாசிக்கும் இந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் கடைசி ஆள் டெல்பர்ட். போன வாரம் அவரும் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். பத்து வருடத்தில் மிஞ்சியது பெயரும் பாட்டும்தான். வாசிப்பது நாங்கள் நாலு புது ஆட்கள்.

நேற்றுக் கச்சேரி முடிந்ததும் ஒரு வயதான அம்மா எங்கள் முதல் இசைத்தட்டை நீட்டினார். வழக்கம்போல உறைமேல் கையெழுத்துப் போட்டேன், டெல்பர்ட்டின் முகத்துக்குக் கீழே.

"ஏம்ப்பா, இது என் மகனாச்சே! அவன் எங்க?"

டெல்பர்ட் விலகியது பெற்றவளுக்கே தெரியாது போல. "உடம்பு சரியில்லம்மா, நல்லாத்தான் இருக்கார்" என்று உளறினேன்.

"அப்போ நீ யாரு?"

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். வண்டி கிளம்புகிறது, ஹாரன் அடிக்கிறார்கள். டிசம்பரில் உங்கள் பக்கம் துல்சாவில் வாசிக்கிறோம். வந்தால், வாசலில் ஒட்டியிருக்கும் பழைய படத்தில் என்னைத் தேடாதீர்கள். மேடையின் வலது ஓரத்தில் படுக்கவைத்த ஸ்டீல் கிட்டார் முன்னால் உட்கார்ந்திருப்பவன்தான் உங்கள் மகன்.

ரோஸ்கோ