மச்சான் என்று எழுதியவள்

லெஸ்டர்,
08.01.2012

அன்பின் ஹிதாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மாமா மாமியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை என்று உனக்குத் தெரியும். வக்கீல்தான் எழுதச் சொல்கிறார். போனில் கதைப்பதற்குச் சாட்சி இல்லையாம். நாம் உண்மையாகவே புருசன் பெண்சாதி என்று விசாக் கந்தோர் நம்பக் கடிதங்கள் வேண்டுமாம். நீ எழுதுவதையும் அவரிடம் கொடுப்பேன்.

இங்கே வந்தால் தெரிந்திருக்க வேண்டியவற்றை எழுதுகிறேன். குழாய் இரண்டு இருக்கும், ஒன்று கொதிக்கும், மற்றது உறையும். பேசினில் இரண்டையும் கலந்துதான் முகம் கழுவ வேண்டும். தெருவில் போகிறவர்கள் "ஓல் ரைட்டா?" என்று கேட்பார்கள். அது சுகம் விசாரிப்பதல்ல, நின்று பதில் சொல்லிவிடாதே. நான் முதல் மாதம் ஒரு கிழவரிடம் என் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்து, பாவம், அவர் பஸ்ஸைத் தவறவிட்டார். கருவாடு பொரிக்க நினைத்தால் ஜன்னலைத் திற. கூரையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது, புகை பட்டால் தெருவுக்கே கேட்கக் கத்தும். குப்பைக்கு இரண்டு வாளி, நாள் மாற்றி வைத்தால் எடுக்க மாட்டார்கள்.

மற்றவை அடுத்த கடிதத்தில்.

இப்படிக்கு,
நளீம்

பள்ளிவாசல்துறை,
02.02.2012

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. குழாய், வாளி, வெள்ளைப் பெட்டி எல்லாம் மனப்பாடம். பள்ளிவாசல் சுவரில் ஒட்டுகிற அறிவித்தலில்கூட கடைசியில் ஒரு வரி அன்பாக இருக்கும் மச்சான்.

நிக்காஹ் முடிந்து இருபத்திரண்டு நாள் இருந்தீர்கள். நான் என்ன செய்கிறேன், என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு கேள்வி இல்லை. கோபிக்க வேண்டாம், கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் கடிதங்கள் எனக்கா, விசாக் கந்தோருக்கா?

போன கிழமை முழுக்கப் படுக்கையில் இருந்தேன். இப்போது பரவாயில்லை. வாப்பாவின் தோணிக்கு இரண்டு நாளாகச் சூடை மீன் நல்லபடி படுகிறது. உம்மா உங்களுக்கு ஸலாம் சொன்னா.

உங்கள்,
ஹிதாயா

லெஸ்டர்,
17.07.2012

ஹிதாயா,

அஸ்ஸலாமு அலைக்கும். விசாவை மறுத்துவிட்டார்கள்.

காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். நீ எழுதிய எல்லாக் கடிதத்திலும் "அன்புள்ள மச்சானுக்கு" என்றுதானே தொடங்கியிருக்கிறாய்? மொழிபெயர்த்தவர் நம்ம பக்கத்து ஆளில்லை. மச்சான் என்றால் சகோதரியின் கணவன் என்று எழுதிவிட்டார். இந்தப் பெண் தன் சகோதரியின் கணவனுக்கு எழுதியிருக்கிறாள், இது உண்மையான திருமணமல்ல என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மேன்முறையீடு செய்யலாம். நான் ஒரு வழி யோசித்தேன். பழைய திகதிகள் போட்டு ஆறு கடிதம் எழுதி அனுப்பு. "என் அன்புக் கணவருக்கு" என்று தொடங்கு. கொஞ்சம் ஆசையாக எழுது. பேனையையும் மாற்றி மாற்றி எழுது. வக்கீலுக்குத் தெரிய வேண்டாம். கெதியாகச் செய், நாள் போகிறது.

அறிவித்தல் போல எழுதுகிறேன் என்று சொன்னாய். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்தில் வந்து இறங்கினோம். எந்தக் கிணறு யாருடையது, எந்த வேலிக்குள் போகக் கூடாது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொன்றையும் ஏச்சு வாங்கித்தான் படித்தேன். நீ அப்படி ஏச்சு வாங்கக் கூடாது. எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

நளீம்

பள்ளிவாசல்துறை,
01.08.2012

மச்சான்,

ஓம், மச்சான் என்றுதான் எழுதுவேன். எங்கள் ஊரில் புருசனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? எனக்கு ஒரு ராத்தாகூட இல்லை. வாப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. இல்லாத ராத்தாவின் புருசனுக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேனாம்!

பொய்த் திகதி போட்டு ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதுவும் நோன்பு மாதத்தில். ஆசையாக எழுதச் சொல்கிறீர்கள், அளந்து போடுகிற சாமானா அது? அந்த ஆறு கடிதமும் உங்களுக்கு வந்தால், அதற்குப் பிறகு நான் உண்மையாக எழுதுவதை எப்படி நம்புவீர்கள்?

சாட்சி வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள். நீங்கள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்கள். வலது பக்கம் சரித்துவிட்டால் நிற்கும். அது உங்களுக்கே தெரியாது. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து, அது உடைந்து விழுந்தால் என்னைப் பார்த்து முறைப்பீர்கள். இதெல்லாம் எந்த மச்சினிக்குத் தெரியும் என்று அந்தக் கந்தோரில் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் போன பிறகு எனக்கு நின்றிருந்தது. இரண்டு மாதம். ஜனவரி கடைசியில் கரு அழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தில் எழுதப் பேனையை எடுத்தேன். யாரோ ஒருவன் படித்து, உண்மையா பொய்யா என்று அடையாளம் போடுவானே என்று மூடி வைத்துவிட்டேன். நம்முடைய பிள்ளையை அவன் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எழுதிவிட்டேன். கொடுப்பதென்றால் கொடுங்கள். நான் உங்கள் மீது கோபமாக இருக்கிறேன். உங்களைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது.

ஹிதாயா

லெஸ்டர்,
10.08.2012

என் ஹிதாயா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை வேலையிடத்தில் ஓய்வு நேரத்தில் பிரித்தேன். இன்னாலில்லாஹி சொன்னேன். திரும்ப உள்ளே போய் வேலை செய்ய முடியவில்லை. உன்னைத் தனியாக அந்த ஆஸ்பத்திரியில் படுக்க விட்டுவிட்டு நான் குப்பை வாளியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

வக்கீலிடம் போனேன். பிள்ளை விசயத்தை மட்டும் வாயால் சொன்னேன். அந்தக் கடிதமும் ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டும் இருந்தால் வழக்கு வென்ற மாதிரி என்று கையை நீட்டினார். கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. துண்டையும் உன்னிடம் கேட்க மாட்டேன். எங்கள் ஊரில் மச்சான் என்றால் புருசன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அதோடு மேன்முறையீடு போட்டாயிற்று. நம்பினால் நம்பட்டும்.

வேலையில் லீவு தரவில்லை. வேலையையே விட்டுவிட்டேன். பெருநாளைக்குப் பிந்திய வியாழக்கிழமை கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் இறங்குகிறேன். மாமாவை வரச் சொல்லி அலைக்கழிக்காதே, பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

பிள்ளைக்கு மனதில் ஏதாவது பெயர் வைத்திருந்தாயா? நான் வந்ததும் சொல். எழுதாதே.

உன்
மச்சான்