வைக்கோல் பாய் கட்டிய மறுநாள்

கனாசாவா,
நவம்பர் 27

அன்புள்ள மினோரிக்கு,

நம் அப்பாவுக்கு நாகமாச்சித் தெருக்களில் வழி தெரிகிறதா, அல்லது சுவர்கள்தான் தெரிகின்றனவா? இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தொலைபேசியில் பேசினால் நமக்குள் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக, அவருக்குத் தெரியாமல், அவர் கூட்டிப்போகும் சுற்றுலாக் குழுவின் பின்னால் நடக்கிறேன். பழைய சாமுராய் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பிசகாமல் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு முக்கிலும் மண்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டே திரும்புகிறார். ஓரிடத்தில் விரிசல், ஓரிடத்தில் நீர்க்கறை என்று அடையாளம் வைத்திருக்கிறார். போன வாரம் அந்த விரிசலை மறைத்துக்கொண்டு ஒரு சாமான் வண்டி நின்றது. நான்கு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர்.

டிசம்பர் ஆறாம் தேதி, பனி தாக்காமலிருக்கச் சுவர்களுக்கு வைக்கோல் பாய் கட்டிவிடுவார்கள். மறுநாள் ஒசாகாவிலிருந்து வரும் பன்னிரண்டு பேர் அவர் பொறுப்பு. அவரை நிறுத்தச் சொல்லி வழிகாட்டிகள் சங்கத்துக்கு எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

உன் அக்கா,
கசுயோ

ஹாகோதாதே,
டிசம்பர் 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பின்னாலேயே போய் வேவு பார்த்திருக்கிறாய். ஒரு தடவையாவது அவர் பக்கத்தில் நடந்தாயா?

அம்மா போன பிறகு அவரை வீட்டைவிட்டு வெளியே வரவைத்தது அந்த வழிகாட்டிக் கைப்பட்டைதான். போன ஞாயிறு தொலைபேசியில், "ஒசாகாக்காரங்க கேள்வி கேட்டே கொல்லுவாங்க. நான் விடுவேனா?" என்று சிரித்தார். வழி மறந்தவர் பேசுகிற பேச்சா அது? சங்கத்துக்கு நீ எழுதினால், எனக்கு இனிமேல் எழுதாதே.

உலர்ந்த கணவாய் மீன் அனுப்பியிருக்கிறேன். பொடியாக நறுக்கிக் கொடு, அவர் பல் தாங்காது.

மினோரி

கனாசாவா,
டிசம்பர் 6

அன்புள்ள மினோரிக்கு,

பக்கத்தில் நடக்கவில்லைதான். கூட வரட்டுமா என்றால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

இன்று பாய் கட்டி முடித்துவிட்டார்கள். எல்லாச் சுவர்களும் ஒன்றுபோல இருக்கின்றன. எனக்கே ஒரு முக்கில் தயக்கம் வந்தது. சங்கத்துக்குக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. அப்பா கைப்பட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். "நாளைக்குக் குளிரும், நீ வீட்லயே இரு," என்கிறார்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மீதியை நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 7, மாலை

நடந்தது இது. இன்றும் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன்.

முதல் இரண்டு முக்குகளையும் கடந்துவிட்டார். மூன்றாவதில் பாயைத் தடவினார், இடப்பக்கம் திரும்பினார். முட்டுச்சந்து. குழுவில் ஓர் அம்மாள், "என்ன தாத்தா, வழி தப்பிடுச்சா?" என்றாள்.

"எதிரி வந்து மாட்டிக்கணும்னே போட்ட தெரு இது. பாருங்க, பன்னெண்டு பேரைப் புடிச்சிட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் நகரவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமலே, "கசுயோ, பின்னாலதானே நிக்கிற?" என்றார்.

"ஆமாப்பா."

"இத்தனை வாரமா வர்றியே. முன்னால வா."

முன்னால் போய் வழி காட்டினேன். அவர் எனக்குப் பின்னால் கதை சொல்லிக்கொண்டே வந்தார். கால்வாய்ப் பாலத்தில் ஒசாகாக்காரர்கள் விடைபெற்றதும் கைப்பட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"மேசைமேல கெடந்த கடிதாசியப் படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்க. இன்னும் ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துடலாம்னு இருந்துச்சு."

"அனுப்புனா மினோரி எங்கிட்டப் பேச மாட்டாப்பா."

"என்னைத் திட்டட்டும். நான்தானே போடப்போறேன்."

வீட்டுக்கு வந்து, மூன்று மணிக்கு உறையை அவரே ஒட்டித் தபால்பெட்டியில் போட்டார். அதுவரை அவர் பக்கத்தில் நடந்தேன்.

கசுயோ