மதியக் காட்சிக்கு வந்த ஒரே ஆள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். இங்கே எனக்கு முட்டிவலி, உன் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு, மற்றபடி உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. தம்பி கல்யாணத்துக்கு நான் வரலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இத்தனை நாள் இழுத்தடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் எங்கள் தியேட்டரில் ஒரு படம் போட்டோம். விவாகரத்தான ஒரு பெண் தனியாக வாடகைக்கு வீடு பிடித்து, தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தலைநிமிர்கிற கதை. சண்டையும் கிடையாது, பாட்டும் கிடையாது, தியேட்டரில் ஈ காக்காய் இல்லை. மேனேஜர் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார், மூன்றாம் நாள் மதியம் ஆள் வரலைன்னா காட்சியை ரத்து பண்ணிடுங்க என்றார். சரி, விட்டது தொல்லை என்று நானும் ஆப்பரேட்டர் ரூமில் சாவகாசமாகச் சாப்பாட்டைப் பிரித்தேன். அப்போது புதிதாகச் சேர்ந்த கேட்காரர் ஓடி வந்து, ஒரே ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க சார், போகச் சொன்னாலும் போக மாட்டேங்கறாங்க என்றார். சுவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் உன் அம்மா! உனக்கு விவாகரத்தான நாளிலிருந்து உன் பெயரையே வாயில் எடுக்காதவள். பிரித்த சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன் கண்ணு. மேனேஜரிடம் ஏதேதோ புளுகி, அவள் ஒருத்திக்காகப் படத்தை ஓட்டினேன். கடைசிவரை அசையவில்லை. அந்தப் பெண் புது வீட்டில் தனக்கு மட்டும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட உட்காரும்போது உன் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாடா, கல் கரைந்துவிட்டது என்று இந்த மடையன் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக உன் பேச்சை எடுத்தேன். நம்ம பொண்ணும் அங்க அப்படித்தானே தனியாக் கிடக்கா, கல்யாணத்துக்குக் கூப்பிடலாமே என்றேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, அந்தப் படத்துல வர்ற பொண்ணுக்குத் தம்பி இல்லீங்க என்றாள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சேர்ந்து குடித்தனம் நடத்துவதாகத்தான் பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சொன்னது அம்மா என்றாலும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டியவன் நான், அதனால் அவளை மட்டும் குறை சொல்லாதே. எதிர்த்துப் பேச அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் படத்தையும் தூக்கிவிட்டார்கள். எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் பதில் ஒன்றுதான், நீ வர வேண்டாம் கண்ணு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சமைக்கச் சலிப்பாக இருக்கிறது என்று பட்டினி கிடக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர இந்த அப்பனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கல்யாணத்தன்று போன் பண்ணாதே. பெண் வீட்டார் யாராவது எடுத்துவிட்டால், உன் வீட்டுக்காரர்கிட்ட கொடும்மா, ரெண்டு வார்த்தை பேசறோம் என்பார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா