குளத்துக்கு ஏது மதிப்பெண்

ட்ரெபோன்
அக்டோபர் 21, செவ்வாய் மாலை

அன்புள்ள தம்பி ராதிமுக்கு,

ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது, சமையலறையில் என்னோடு உட்கார்ந்து பிளம் பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, மூணு வருஷமா நான் கம்ப்யூட்டர்ல செய்யற இந்தக் குளம் விளையாட்டுச் சாமானா, ஆட்டமா? யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியல." முப்பத்தெட்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளிடம் பதில் இல்லாமலா போகும்? முடிவும் ஜெயிப்பவனும் இருந்தால் ஆட்டம், இல்லாவிட்டால் சாமான் என்றேன். சீட்டுக்கட்டை உதாரணம் காட்டினேன். அடுக்கி வீடு கட்டினால் அது சாமான், மூன்று பேர் உட்கார்ந்து மரியாஷ் ஆடினால் ஆட்டம். நீ தலையாட்டிவிட்டு அடுத்த பழத்தை எடுத்தாய்.

அந்தப் பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி இன்று மதியம் கிடைத்தது. தொலைபேசியில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் படிக்கட்டில் மட்டும் முனகுகிறது. பெரிய ஏரியில் மீன் பிடிக்க நீரை இறக்கத் தொடங்கிவிட்டார்கள், ஊர் முழுக்கச் சேற்று வாடை. கிறிஸ்துமஸ் விருந்துக்கான கெண்டை இந்த வருடம் கொழுத்திருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் லிஸ்பன் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், உன் குளத்தில் மதிப்பெண் பலகை இருந்தால்தான் அவர்கள் வெளியிடுவார்கள், இல்லையென்றால் மூன்று வருட உழைப்பைப் பெட்டியில் போட்டு மூட வேண்டியதுதான் என்றாய். "ஒரு நம்பர்தானே அக்கா, என்ன ஆயிடப் போகுது" என்றும் சொன்னாய். என்ன ஆனது என்று கேள்.

நீ விட்டுப்போன டேப்லெட்டை செப்டம்பர் முழுக்கச் செவ்வாய்தோறும் நூலக வாசக அறைக்கு எடுத்துப் போனேன். அங்கே எங்கள் மரியாஷ் மேசையில் மூன்று பேர். நான், பள்ளிச் சமையலறையில் இருந்த ஸ்லாவ்கா, நாற்பது வருடம் ஏரிகளில் மதகு திறந்து மூடிய ஓல்ட்ரிக். உன் குளத்தைத் திரையில் பார்த்ததும் ஓல்ட்ரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதகை விரலால் தூக்கினார். தண்ணீர் பாய்ந்தது. "யாரு செஞ்சது இது?" என்றார். என் தம்பி என்றேன். "கரைக்கு இவ்வளவு செங்குத்தாவா சாய்வு வைப்பாங்க? முதல் மழையில போயிடும். நல்லவேளை டீச்சரம்மா, உங்க தம்பி கம்ப்யூட்டரோட நிறுத்திக்கிட்டான்."

அப்படித் திட்டியவர்தான் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மர வேர்களைச் சுற்றி எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்லாவ்கா வாத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மதகுக்காரன் வீட்டுக் கூரையில் வைத்தாள். எதற்கு என்று கேட்டால், "அதுங்களும் ஊரைப் பார்க்கட்டுமே" என்றாள். நான் என்ன செய்தேன் என்று ஊகித்திருப்பாய். வாத்துகளை வரிசையில் நிறுத்தினேன்.

இது எதற்கு, என்ன செய்தால் ஜெயிக்கலாம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவர்களே ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒரு கெண்டையை மேல் குளத்திலிருந்து கீழ்க் குளத்துக்குச் சேறு தொடாமல் கொண்டுவர வேண்டும், தோற்றவர் அடுத்த வாரம் பாலாடைக்கட்டி வைத்த கோலாச் ரொட்டி கொண்டுவர வேண்டும். நான்தான் தோற்றேன். அடுத்த வாரம் அந்த விதியை மறந்து வேறொன்று வைத்துக்கொண்டார்கள். உன் குளம் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

பிறகு மதிப்பெண் பலகை வைத்த புதிய குளத்தை அனுப்பினாய். போன செவ்வாய் அதைத் திறந்தோம்.

முதலில் ஓல்ட்ரிக். ஏரியை இறக்குகிற முறைப்படி, அவசரமில்லாமல், மதகை விரற்கடை விரற்கடையாகத் தூக்கினார். மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. கரையில் விரிசல் இல்லை. எல்லாக் கெண்டையும் தொட்டியில் சேர்ந்ததும் திரையில் மேளம் கொட்டியது, பொன் இலை உதிர்ந்தது, நடுவில் பெரிதாக ஓர் எண் வந்தது. ஐந்து.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பது வருஷம் இதே வேலையத்தான் பார்த்தேன். எனக்கு அஞ்சா? ஃபெயிலானவனுக்கு மேளம் வேறயா?"

தம்பி, நீ பதினொரு வருடமாக லிஸ்பனில் இருப்பதால் மறந்துவிட்டாய். நம் ஊர்ப் பள்ளியில் ஒன்றுதான் முதல், ஐந்து என்றால் தேறவில்லை. நீயும் வேதியியலில் ஐந்து வாங்கி, சான்றிதழை விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்தவன்தான்.

மறந்தது உன் தவறு. என் தவறு அதைவிடப் பெரிது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் எங்கே தவறினார் என்று நான் தேடத் தொடங்கினேன். கையெழுத்துத் திருத்துகிற குரலில், பொறுமையாக, இரண்டாவது மதகை முன்பே திறந்திருக்கலாம், தொட்டியில் நெரிசல் ஆகிவிட்டது என்றெல்லாம் அவருக்கு விளக்கினேன். ஏரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? குற்றமே இல்லாத வேலையில் நான்கு குற்றம் கண்டுபிடித்தேன். நாற்பது வருடம் மதகில் நின்ற மனிதர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எத்தனை பிள்ளைகளுக்கு இதே மாதிரி விளக்கியிருப்பேனோ என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து ஸ்லாவ்கா. அவள் வழக்கம்போல் வாத்துகளோடு விளையாடி மூன்று வாங்கினாள். "பரவாயில்ல, என் பையன் வாங்கினதைவிட நல்ல மார்க்" என்று மறுபடி ஆரம்பித்தவள், கை தவறி மதகு முழுவதையும் திறந்துவிட்டாள். கரை உடைந்தது, கெண்டைகள் சாலையில் துள்ளின, ஒரு வாத்து குழாயில் சிக்கியது. எண் ஒன்று. அறையே கை தட்டியது. செய்தித்தாள் படிக்க வந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். பிறகு ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக் குளத்தை நாசம் செய்தோம். நானும்தான்.

ஓல்ட்ரிக் முறை வந்தபோது டேப்லெட்டைத் தள்ளி வைத்தார். "ஒண்ணு வாங்கறதுக்காகக் கரையை உடைக்கச் சொல்றீங்களா? திரையில இருந்தாலும் அது கரைதான்." மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்று அவர் வரவில்லை. மரியாஷ் மேசையில் அவர் நாற்காலி காலி. எங்கள் புலம்பலைக் கேட்ட நூலகப் பெண்தான் சிரித்துக்கொண்டே, லிஸ்பன் பக்கம் பள்ளிகளில் ஐந்துதான் உச்சம் என்று சொன்னாள். ஸ்லாவ்கா சிரித்த சிரிப்பில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "அப்போ நாம ஒரு வாரமா முட்டாள்களுக்கு முதல் பரிசு கொடுத்திட்டிருந்தோமா டீச்சர்?" என்றாள். நான் நேரே ஓல்ட்ரிக் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நீங்கள் வாங்கியதுதான் மிக உயர்ந்த மதிப்பெண், அதற்கு மேல் கிடையாது என்றேன்.

அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். வலையை மடித்துவிட்டுச் சொன்னார்: "அப்படின்னா இன்னும் மோசம் டீச்சரம்மா. முழு மார்க்கும் வாங்கியாச்சு. இனிமே அந்தக் குளத்துல எனக்கு என்ன வேலை?"

மீதிப் பாதி இதுதான், ராதிம். ஆட்டம் நல்லது. மரியாஷ் இல்லாத செவ்வாய் எனக்கு வேண்டாம். அங்கே எது பெரிது, எது சிறிது என்று உட்காரும் முன்பே எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம், முடிந்ததும் கலைத்துப் போட்டு எழுந்துவிடுகிறோம். சாமான் எதையும் பெரிது என்று சொல்வதில்லை. அதை நம்மிடமே விட்டுவிடுகிறது. அதனால்தான் ஸ்லாவ்காவின் வாத்தும் ஓல்ட்ரிக்கின் மதகும் ஒரே குளத்தில் இருக்க முடிந்தது. வேண்டும்போது அதன்மேல் ஓர் ஆட்டத்தை நாங்களே கட்டிக்கொண்டோம், வேண்டாதபோது கலைத்தோம். அந்த எண் வந்த பிறகு யாரும் எதையும் கட்டவில்லை. எண்ணைத்தான் பார்த்தோம்.

நீ செய்தது சாமான், தம்பி. நல்ல சாமான். இதில் எனக்கு ஐயமே இல்லை. லிஸ்பன்காரர்களிடம் என்ன சொல்வாய் என்பது உன் விருப்பம், உன் கையெழுத்து. கம்பெனிக்கும் தன் கவலைகள் இருக்கும். அவர்கள் மறுத்தால் அடுத்த மாதம் உன் வீட்டு வாடகைக்கு வழி என்ன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காலியாக இருக்கும் மேல்மாடி அறையில் குளிர்காலக் கணப்பு மூட்டிப் பார்த்தேன், நன்றாகவே எரிகிறது. வேறெதற்காகவும் சொல்லவில்லை.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நான் விடைபெறும்போது ஓல்ட்ரிக் வாசல்வரை வந்து, நம்பர் இல்லாத பழைய குளம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதை நான் அழிக்கவில்லை. டேப்லெட் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. "உங்க தம்பி எப்ப வருவான்? அந்தக் கரைச் சாய்வைப் பத்தி அவன்கிட்டப் பேசணும். அப்படியே விட்டுட முடியாது" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய், நான் அறிவேன்.

வெள்ளிக்கிழமை காலை பதில் எழுதும் முன் ஒன்று செய். திரையில் அந்த எண் வருகிற இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, உன் குளத்தின் மதகைத் திறந்து, உனக்கே எழுந்திருக்கத் தோன்றும்வரை உட்கார்ந்திரு.

உன் அக்கா,
யார்மிலா