எண்ணெய்த் தாளும் மாட்டுக் கயிறும்

5-9-76, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. தாள்கள் நிற்க மாட்டேன் என்கின்றன. மூலைக்கொன்றாகச் செம்பு, டார்ச், அரிசிப் படி, அம்மாவின் கண்ணாடிக் கூடு.

ஓண லீவு. நேற்றுத்தான் கோழிக்கோட்டு ஹாஸ்டலிலிருந்து ஊருக்கு, வடகரப்பதிக்கு வந்தேன். வேலை ஒன்றே: ஒன்பது படங்களையும் மையில் திருத்தமாக வரைவது. 13-ஆம் தேதி திங்கட்கிழமை செமினார். பம்பாயிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். கைடு சார் அவரிடம் என்னைப் பற்றித் தம்பட்டம் அடித்தாயிற்று. அவர் தலையாட்டினால் ஆராய்ச்சியில் இன்னொரு வருடம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு.

நான் நிரூபித்தது (எழுதிப் பார்த்தால் பயம் குறைகிறது): இரு முனையும் ஒட்டிய கயிற்றில் ஒரு முடிச்சு. அதன் கண்ணாடிப் பிம்பம் இன்னொரு முடிச்சு. வெட்டாமல், நகர்த்தி நகர்த்தியே முதலாவதை இரண்டாவதாக்கலாம். படம் 1 முடிச்சு, படம் 9 பிம்பம். எல்லா முடிச்சுக்கும் இது நடக்காது. என்னுடையதற்கு நடக்கிறது.

நடக்கிறதுதானே?

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, கோலமா போடறே?"

"இல்லீங்கம்மா. கணக்கு."

"கணக்குன்னா நெம்பரு வேண்டாமா?"

நியாயமான கேள்வி.

6-9, திங்கள்

தூறல். வாங்க: இந்தியன் இங்க், பிளேடு, சோப்பு.

அண்ணன் வேலந்தாவளம் சந்தையில் செவலைக் காளையை விற்றுவிட்டான். கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் விற்ற மாட்டோடு கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். அம்மா அதை வாங்கித் தொழுவத்து ஆணியில் மாட்டினாள். "இது வாசலத் தாண்டப்படாது. தாண்டுச்சுன்னா இருக்கற மாடும் பொறத்தாலயே போயிரும்."

ஆறு படம் முடிந்தது. ஐந்தையும் ஆறையும் பக்கத்தில் வைத்தால் ஏதோ இடிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

8-9, புதன்

மத்தியானம் அம்மா காட்டுக்குப் போனதும் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். முடிச்சுப் போட்டு முனைகளைச் சணலால் கட்டினேன். கை முழுக்க மாட்டு வாசம். 1 முதல் 5 வரை கயிறு சொன்னபடி கேட்டது. ஐந்திலிருந்து ஆறுக்கு வரவே இல்லை. அவிழ்த்து மறுபடி. வரவில்லை.

அண்ணன் வந்து நின்றான். "ஏம்புள்ள, சிக்கு எடுக்கறயா, சிக்குப் போடறயா?"

"ரெண்டுந்தானுங்ணா."

"அம்மா பாத்துச்சுன்னா அந்தக் கயித்துலயே உன்னையக் கட்டிப்போடும்."

9-9, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஹாஸ்டலில் டிரேசிங் தாள் கிடைக்காது. வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, அதை மேலே வைத்துப் படத்தை நகலெடுப்போம். எண்ணெய் ஊறிய தாளில் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாது. ஆறாம் படத்தை நகலெடுத்த தாளைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து ஆறின் மேல் வைத்தேன். பொருந்தியது. புரட்டி வைத்தேன். ஐந்தின் மேல் பொருந்தியது, ஒரு கோடு பிசகாமல்.

தாளைப் புரட்டினால் முடிச்சு பிம்பமாகிவிடும். ஆக, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நான் கயிற்றை நகர்த்தவே இல்லை. தாளைப் புரட்டியிருக்கிறேன். அவ்வளவுதான் என் ரிசல்ட்.

கிணற்றடியில் போய் அழுதேன். அம்மாவிடம் தலைவலி என்றேன். உட்கார வைத்துத் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டாள்.

11-9, சனி

யாருக்கும் தெரியாது. சாரே இரண்டு தடவை பார்த்துச் சரி என்றவர். படங்கள் மளமளவென்று போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு வருடம். சொன்னால் பெட்டி. வேறு யாராவது பின்னால் கண்டுபிடித்தால்?

அப்பா கேட்டார். "ஏங்கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது? பரிச்சையா?"

"ஆமாங்கப்பா."

"போச்சுன்னாத்தான் என்ன? ஊடு இல்லியா உனக்கு?"

ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த வீடுதான் என் பயமே என்று எப்படிச் சொல்வது.

நாளை ரயில். எமர்ஜென்சி வந்ததிலிருந்து ரயிலும் நேரத்துக்கு வந்து தொலைக்கிறது. பெட்டிக்குள், சேலைக்கு அடியில், கயிறு. அம்மாவுக்குத் தெரியாது. அண்ணன் பார்த்துவிட்டான். "வார சனிக்கெழமெ வாரப்பக் கொண்டாந்துரு" என்றான், அவ்வளவுதான்.

13-9, திங்கள்

கோழிக்கோட்டில் மழை. காலையில் இட்லி, பாதி.

போர்டில் படங்களை ஒட்டிப் பேசினேன். ஆறு வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பம்பாய்க்காரர் தலையாட்டினார். ஆட்டியேவிட்டார்! சார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஏழுக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன்.

"இந்த இடம் தப்பு" என்று வாய் சொல்லிவிட்டது.

எண்ணெய்த் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிக் காட்டினேன். பின்வரிசையில் சிரிப்பு. நான் சார் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கயிற்றை எடுத்து மேசையில் வைத்து, எங்கே நிற்கிறது என்று காட்டினேன். பம்பாய்க்காரர் எழுந்து வந்து தானும் இழுத்துப் பார்த்தார். "இதை நான் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். யோசிப்பதற்குள் "யெஸ் சார்".

சார் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியில் பாதித் துணி அடுக்கியாயிற்று.

14-9, செவ்வாய்

பத்து மணிக்குச் சார் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஆ கயறு அங்ஙேர்க்கும் வழங்ஙியில்ல" என்றார். பம்பாய்க்காரருக்கும் கயிறு மசியவில்லையாம். முடிச்சும் பிம்பமும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும், அதை நிரூபிப்பதுதான் கஷ்டம், அந்தப் பெண்ணையே செய்யச் சொல்லுங்கள் என்றாராம்.

"ஒரு வர்ஷம் கூடி. ரெண்டும் வேறெயாணென்னு தெளியிக்கணும்."

இன்னும் ஒரு வருடம்! கால் தரையில் நிற்கவில்லை. வாசல்வரை போய்த்தான் நினைவு வந்தது.

"சார், கயிறு?"

"அது அங்ஙேரு பம்பாய்க்கு கொண்டுபோயி." சிரிக்கிறார். "ஒரு கயறல்லே?"

சனிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும். ஆணி காலியாக இருப்பதை அம்மா இந்நேரம் பார்த்திருப்பாள். தொழுவத்தில் இருப்பது இரண்டே மாடு. அதே மாதிரி ஒரு கயிறு வாங்கி, மண்ணில் புரட்டி மாட்டிவிடலாம்தான். வேறு கயிறு என்று அம்மா தொட்டவுடனே சொல்லிவிடுவாள்.