தாயைக் காட்டச் சொன்னேன்

17-11-1996, ஞாயிறு

போத்தனூரில் நாய்க்குட்டி வாங்கப் போனவன், கன்றுக்குட்டிக்குப் பார்ப்பதுபோல அதன் முதுகில் சுழி தேடினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பழக்க தோஷம், தாயையும் காட்டச் சொன்னேன். கூண்டுக்குள் பூனையளவு பொமரேனியன். குட்டி எடுக்க வயிற்றைக் கிழித்துத் தைத்த புண் இன்னும் ஆறவில்லை. அடுத்த கூண்டில் அல்சேஷன் ஆண் நாய்.

"ஏனுங்க, கிடாரிக்கே அளவு பாத்துத்தான் காளை உடுவோம். இத்துனூண்டு உடம்புக்கு அதையா சேத்திப்போட்டீங்க?"

"கேக்கறாங்க, குடுக்கறனுங்க" என்றார் நாய்க்காரர், என் முகத்தையே பார்த்து.

"இதெல்லாம் ஒரு பொழப்புங்களா!" என்று கத்திவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

"நல்லாக் கேட்டீங்கப்பா" என்றாள் மகள், பஸ்ஸில்.

பொமரேனியன் உயரத்தில் அல்சேஷன் மூஞ்சியோடு ஒன்று வேண்டும் என்று ஆடியில் அவரிடம் சொல்லிவைத்தவன் நான்தான். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.