என் கைப்பட்டை, செல்வாம்பாள் கையில்

ஜூன் 9
வாப்பா டைரி, சௌக்கியமா? காலையில் ஏதாவது சாப்பிட்டாயா? நான்தான், பிள்ளைச்சாவடி பக்கிரி. நாலாவதோடு நின்ற கை, கோழி கிளறிய மாதிரிதான் எழுதும். பொறுத்துக்கொள்.

எதிர்வீட்டு வேம்பு மகள் கவிநிலா, காலேஜ் ஆராய்ச்சிக்கென்று ஒரு பட்டை கொடுத்தாள். கையில் கட்டினால் நாடியையும் வியர்வையையும் பார்த்து, மனசில் இருப்பது கோபமா, பயமா, சந்தோஷமா என்று சொல்லுமாம். நான் வேலை பார்க்கிற சேதராப்பட்டு கம்பெனியில் மிஷின் பக்கம் கையில் எதுவும் கட்டக்கூடாது. அந்த சூப்பர்வைசர் இருக்கிறாரே, அவர் மீசை... சரி, அது வேறு கதை. பட்டையைப் பெண்டாட்டி செல்வாம்பாள் கையில் கட்டிவிட்டேன். கவிநிலாவிடம் சொல்லவில்லை. யார் கையாக இருந்தால் என்ன?

ஜூன் 20
பட்டை சொல்வதெல்லாம் கவிநிலா போனுக்குப் போகுமாம். டீக்கடையில் அதைக் காட்டினாள். "பெரியப்பா, பகல்லாம் நல்லாத்தான் இருக்கீங்க. சாயங்காலம் வூட்டுக்கு வர்ற நேரத்துக்கு மட்டும் பயம்னு காட்டுது. தெனமும். அப்பிடி என்ன பயம்?"

"பொண்டாட்டிக்குப் பயப்படாத ஆம்பள எவம்மா இருக்கான்?" என்றேன். கடையே சிரித்தது. பக்கத்து பெஞ்சு சாமிக்கண்ணுவுக்கு டீ புரையேறியது. நானும் சிரித்துக்கொண்டே பாதித் தெரு வந்தேன்.

அப்புறம்தான் — பட்டை என் கையில் இல்லையே.

ஜூன் 21
இன்று வேலி ஓரமே நின்றேன். உள்ளே அவள் டிவியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட வருமா? எப்போதும்போல் செருமினேன். பாட்டு நின்றது. டிவி நின்றது. அவசரமாகத் தட்டு வைக்கிற சத்தம்.

கம்பெனி பஸ்சில் நான் வாயைத் திறந்தால் டிரைவர் வரை சிரிப்பான். வூட்டுக்கு வந்தா மட்டும் ஏன் இப்பிடிக் கொரைக்கிறேன்? சோறு ஆறிப்போச்சுன்னு முந்தாநாளு தட்ட வுட்டெறிஞ்சனே. அவதான் குனிஞ்சு பொறுக்கினா. என்ன ஜென்மம்டா நானு.

ஜூன் 22
பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஜூன் 24
கவிநிலாவிடம் சொன்னேன். "அது என் கையில இல்லம்மா. ஒங்க பெரியம்மா கையில." அவள் சிரிக்கவில்லை. திட்டியிருக்கலாம். "பெரியம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, பட்டை காட்டிய பயத்தைச் சொன்னேன். செல்வாம்பாள் பட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"இது சொல்லித்தான் ஒனக்குத் தெரியணுமா?"

ஜூலை 30
செருமுவதை விட்டுவிட்டேன். முதலில் சத்தமே இல்லாமல் வந்தேன், அதற்கும் திடுக்கிட்டாள். இப்போது வேலியிலிருந்தே பஸ் கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். டிவி ஓடுகிறது. அவள் பாட்டு மட்டும் இன்னும் நின்றுவிடுகிறது. நேற்றும் சோறு ஆறியிருந்தது. சாப்பிட்டேன்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தரம்கூட என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள்...

"யோவ்! எவ்ளோ நேரமா கத்துறேன், காது அவிஞ்சா போச்சு? மழை வருது, கொடியில கெடக்குற துணிய எடுய்யா!"

இதோ வரேன்டி. டைரி, நான் சொல்ல வந்தது என்னன்னா